அடியெண்ணி நடக்கும் மின்னோடி

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய முத்தொழிலாலும் பெயர்பெற்றது சிவகாசி. அச்சகத்துக் கணினியோடு இணைந்த அச்சுப்பொறிகள் பலவற்றில் தாளை வரிவரியாக நகர்த்துவது ‘ஸ்டெப்பர் மோட்டார்’ எனப்படும் படிமுறை மின்னோடியே. அதன் இயக்கத்தை அறிதல் மாணவர்க்குப் பயன் தரும். அதன் எல்லையை அறிதல் இவ்வட்டாரத்தார் அனைவர்க்கும் கடமையாகும்.

மின்விசிறியின் மோட்டார் மின்சாரம் பாயும்வரை ஓயாது சுழலும். படிமுறை மின்னோடியோ ஒரு மின்துடிப்புக்கு ஓரடி எடுத்து வைத்து நின்றுவிடும். அதன் கூட்டைச் சுற்றிக் கம்பிச்சுருள்கள் அமைந்துள்ளன. நடுவே காந்தச் சுழலி உள்ளது. சுருள்களில் முறைமாற்றி மின்சாரம் செலுத்தினால் காந்தப்புலம் படிப்படியாகத் திரும்பும். சுழலியும் அதனைப் பின்தொடரும். பரவலாக வழங்கும் ஒருவகையில் சுழலிக்கு 50 பற்கள் உண்டு. ஒரு பல்லின் இடைவெளியைக் கடக்க 4 துடிப்புகள் வேண்டும். ஆகவே 200 துடிப்புகளில் ஒரு முழுச்சுற்று. ஒரு துடிப்புக்கு 1.8 பாகை. 50 துடிப்புகளை அனுப்பினால் சரியாகக் கால்சுற்று திரும்பும்.

நம் வீட்டுக் குவார்ட்ஸ் கடிகாரத்திலும் இவ்வினத்தைச் சேர்ந்த சிறு மின்னோடி உண்டு. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தின் துடிப்பை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கொரு துடிப்பு கிடைக்கும். அதுவே முள்ளை நகர்த்துகிறது.

இனி எல்லைகளைக் காண்போம். சுமை மிகுந்தாலும், துடிப்புகள் மிக விரைந்து வந்தாலும் மின்னோடி அடி தவறும். தண்டின் நிலையைக் கண்டு சொல்லும் உணரி இல்லையேல், செலுத்தும் கருவி அதனை அறியாது. எண்ணியபடியே நடந்ததாகக் கொள்ளும். அச்சகத்தில் இதனால் ஒரு தாள் வீணாகலாம். மருந்தை அளந்து நிரப்பும் இடத்தில் உயிரே போகலாம்.

இதில் கார்பன் பிரஷ் இல்லை. ஆதலால் பிரஷ்ஷில் எழும் பொறியும் இல்லை. அதுகொண்டு இதனை மருந்தறைக்கு ஏற்றதெனக் கருதுவது பெரும்பிழை. அசையாது நிற்கும்போதும் சுருள்களில் மின்சாரம் பாய்வதால் இது சூடேறும். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இழந்த மண் இது. வெடிச்சூழலுக்கெனச் சான்று பெற்ற கருவிகளை மட்டுமே, வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டு, அங்கே நிறுவுதல் வேண்டும்.

புதுப்பொறி செய்ய முனையும் இளைஞர்கள், மருந்துக்கு அப்பால் அட்டைப்பெட்டி செய்யும் கூடத்திலும் அச்சகத்திலும் தம் முயற்சியைத் தொடங்குவாராக. அடியெண்ணி நடக்கும் இம்மின்னோடிக்கு அங்கே வேலை நிரம்ப உண்டு.