யார் செய்தார் என்று சொல்லாத தமிழ்

பிறமொழிச் சொல் கலந்தால் உடனே கண்ணில் படும். பிறமொழியின் வாக்கிய அமைப்பு நுழைந்தால் அவ்வளவு எளிதில் தெரியாது. 'டீசல் ரேட் ஏறிடுச்சு, போட்டை எடுக்கல' என்று காரைக்கால் வட்டாரத்துப் பட்டினச்சேரியில் மீனவர் ஒருவர் சொன்னால், தமிழில் ஆங்கிலம் கலந்துவிட்டதே என்று வருந்துகிறோம். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்ற அறிவிப்பைப் படித்தால், நல்ல தமிழ் என்று கடந்து செல்கிறோம். உண்மை இதற்கு நேர்மாறானது என்பதே என் கருத்து.

மீனவரின் பேச்சில் டீசல், ரேட், போட் என மூன்று ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை ஆள்வது தமிழ் இலக்கணம். 'போட்' இரண்டாம் வேற்றுமை உருபை ஏற்றுப் 'போட்டை' ஆகிறது. வினை இறுதியில் நிற்கிறது. சொல்லாமலே விளங்கும் எழுவாய் மறைந்து நிற்கிறது. அறிவிப்பிலோ சொற்கள் அனைத்தும் தமிழ். எலும்புக்கூடு மட்டும் ஆங்கிலம். அந்த மொழியின் அலுவலக வாக்கியம் ஒன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைப்பது அது.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை, ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றியிருந்த ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சி நமக்கு விட்டுச் சென்றவை சொற்களே. 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இன்றும் எழுதுகிறோம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைச் 'சொல்தா' என்கிறோம். பிரெஞ்சு வாக்கிய அமைப்பு நம் பேச்சைத் தொடவில்லை. நம்மை நேரடியாக ஆண்ட காலம் குறைவாக இருந்தும், ஆங்கிலம் எழுத்துத் தமிழின் அமைப்பையே மாற்றிவிட்டது. அலுவலகமும் கல்வியும் செய்தியும் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் பெயர்க்கும் பழக்கமே அதற்குக் காரணம்.

இந்த மாற்றத்தில் முதன்மையானது செயப்பாட்டு வினை. 'படு' சேர்ந்த வினை தமிழுக்குப் புதிதன்று, திருக்குறளிலேயே உண்டு. ஆனால் அது அளவோடு வழங்கியது. திராவிட மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டு வினை இல்லை என்று 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் எழுதினார். செய்தவரைச் சொல்ல வேண்டாத இடத்தில் தமிழ் வேறு வழிகளைக் கையாளும். செயப்படுபொருளையே செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியம் குறிக்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தருவர். 'கதவு திறந்தது', 'வீடு கட்டியாயிற்று', 'வலை களவு போயிற்று' என்று நாமும் பேசுகிறோம். 'சோறு என்னால் சமைக்கப்பட்டது' என்று எந்த வீட்டிலும் எவரும் சொல்வதில்லை.

இது மொழித்தூய்மை பற்றிய கவலை மட்டுமாயின் இலக்கண ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். பொருளியல் படித்தவன் என்ற முறையில் என் கவலை வேறு. பொருளியலில் ஒவ்வொரு முடிவுக்கும் முடிவெடுப்பவர் ஒருவர் உண்டு; அதன் சுமையைத் தாங்குபவர் ஒருவர் உண்டு. 'கட்டணம் உயர்த்தப்பட்டுள்ளது', 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது', 'நிவாரணம் விரைவில் வழங்கப்படும்' என்னும் வாக்கியங்களில் சுமை தாங்குபவர் தெரிகிறார், முடிவெடுத்தவர் தெரியவில்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த நாட்களில் 'நிவாரணம் வழங்கப்படும்' என்னும் செய்தி வருமானமில்லாத வீட்டுக்கு எதைச் சொல்கிறது? எந்தத் துறை, எந்த நாளில், யாரிடம் கேட்பது என எதுவும் இல்லை. மீனவக் கிராமத்தில், 'நாளைக்கு யாரும் கடலுக்குப் போகக்கூடாதுன்னு பஞ்சாயத்தார் சொல்லிட்டாங்க' என்பார்கள். சொன்னவர் யார் என்று தெரிகிறது. ஐயமிருந்தால் அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம்.

இரண்டாவது சிக்கல் வாக்கியத்தின் நீளம். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே வந்துவிடும். விவரங்கள் பின்னால் வால்போல நீளலாம். தமிழில் வினை இறுதியில் நிற்பதால், அந்த விவரங்கள் எல்லாம் வினைக்கு முன்னால் அடைபடுகின்றன. காற்றின் வேகம், கடற்பகுதிகளின் பெயர்கள், நாட்கள் ஆகியவற்றை எல்லாம் கடந்த பிறகே 'செல்ல வேண்டாம்' வருகிறது. புயல் எச்சரிக்கையில் முதலில் காதில் விழ வேண்டிய சொல் கடைசியில் விழுகிறது.

வேறு சில பழக்கங்கள் தீங்கு குறைந்தவை. 'அவர் மருத்துவர்' என்று சொல்லிவந்த நாம், ஆங்கிலத்தைப் பின்பற்றி 'அவர் ஒரு மருத்துவர்' என்கிறோம். 'பத்துக் கூடை மீன்' என்பதில் எண்ணே பன்மையைக் காட்டிவிடுகிறது; ஆயினும் 'பத்துக் கூடைகள்' என்று எழுதினால்தான் நமக்கு நிறைவு. 'ஆய்ந்தனர்' என்னும் ஒரு சொல் 'ஆய்வு மேற்கொள்ளப்பட்டது' என்று நீண்டுவிட்டது.

வகுப்பறையில் இதன் விளைவைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். 'தேவையானது விலையினால் தீர்மானிக்கப்படுகிறது' என்ற வகை வாக்கியங்களைத் தமிழ்வழி மாணவர்கள் மனப்பாடம் செய்தே தேர்வு எழுதினார்கள். அதையே 'விலை ஏறினால் மக்கள் வாங்குவது குறையும்' என்று சொன்னால், 'வஞ்சிரம் விலை ஏறினா மத்தி வாங்குவாங்களே சார், அதுவா?' என்று அடுத்த பாடத்துக்கு அவர்களே வந்துவிடுவார்கள். கடினமாக இருந்தது பொருளியல் அன்று.

வெளியிலிருந்து வந்தவை எல்லாம் வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் ஐரோப்பியரிடமிருந்து வந்தவையே. அவை தமிழ் உரைநடையைத் தெளிவாக்கின. செய்தவர் யாரெனத் தெரியாதபோது செயப்பாட்டு வினையும் பயன்படும். தெளிவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதே அளவுகோல்.

ஆங்கிலம் பேசுவோரே இந்த நடையைக் கைவிடத் தொடங்கிப் பல காலம் ஆயிற்று. செய்வினையால் சொல்ல முடிந்த இடத்தில் செயப்பாட்டு வினை வேண்டாம் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதினார். அரசு அலுவலகங்கள் மக்களுக்கு எளிய மொழியில் எழுத வேண்டும் என்று அமெரிக்கா 2010இல் சட்டமே இயற்றியது. அவர்கள் கழற்றி வைக்கும் சட்டையை நாம் ஏன் எடுத்து அணிய வேண்டும்?

தீர்வுக்குப் பெரும் செலவு இல்லை. அறிவிப்பு எழுதுபவர் ஆங்கில வரைவை ஒதுக்கிவைத்து, யார் செய்கிறார், என்ன செய்கிறார், எப்போது செய்கிறார் என்னும் மூன்று கேள்விக்கும் விடை எழுதினால் போதும். 'நாளையும் மறுநாளும் கடலுக்குப் போகாதீர்கள். காற்று மணிக்கு 65 கி.மீ. வேகம் வரை வீசும் என்று வானிலைத் துறை எச்சரிக்கிறது. ஐயமிருந்தால் மீன்வளத் துறை அலுவலகத்தைக் கேளுங்கள்.' இதில் புதிய சொல் ஒன்றும் இல்லை. பட்டினச்சேரிக் கரையில் ஒருவர் உரக்கப் படித்தால், வலை இழுத்துக்கொண்டிருப்பவருக்கும் விளங்கும்.