நெல் சுமந்த வள்ளமும் தஞ்சாவூர்ப் பொம்மையும்

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? சந்தனம், தேன், சாமை அரிசி, பலாப்பழம் என்று அந்த மலைக்குப் பல பெருமைகள் உண்டு. காவலூரில் நட்சத்திரங்களை ஆராயும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. செய்யாறு பிறப்பதும் அங்கேதான். ஆனால் பிறந்த வீட்டில் அந்த ஆறு சின்னஞ்சிறு குழந்தை. படகைத் தாங்கும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. ஆகவே மலைமேல் படகில் போக ஆசைப்படுகிறவர்கள் ஜமுனாமரத்தூரில் உள்ள கோலப்பன் ஏரிக்குத்தான் போகவேண்டும்.

ஏரியைக் கண்டதும், "அம்மா, படகு!" என்று குழந்தைகள் முந்தானையைப் பிடித்து இழுத்தால் எந்தத் தாய்தான் மறுப்பாள்? மறுக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு பாத்திரம் வாங்கும்போதே தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பெற்ற பிள்ளைகளை ஏற்றப் போகும் படகைப் பற்றி இரண்டொரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதைக் கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. மலையை விட்டு இறங்கி, மேற்கே கேரளத்துக் காயல் கரைக்குப் போகவேண்டும். உழைத்து ஓய்ந்த மரப் படகை உல்லாசப் படகாக மாற்றும் வித்தை அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

அந்தப் படகின் பெயர் கெட்டுவள்ளம். 'கெட்டு' என்றால் கட்டு. 'வள்ளம்' என்றால் படகு. கட்டிய படகு என்று பெயரிலேயே அதன் ரகசியம் இருக்கிறது. சுமார் அறுபது எழுபது அடி நீளமுள்ள வள்ளம், ஆனால் ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது! ஜவ்வாது மலைப் பலாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க அயினிப் பலா மரத்தின் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வைப்பார்கள். இடுக்கில் தேங்காய் நாரைத் திணிப்பார்கள். பலகையில் வரிசையாகத் துளையிட்டு, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைத்துவிடுவார்கள். பிறகு முந்திரிக்கொட்டை எண்ணெயைப் பூசுவார்கள். அந்தக் கறுப்புப் பூச்சு பலகைக்கும் கயிற்றுக்கும் கவசம்.

கயிற்றை நம்பித் தண்ணீரில் போவதா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். டிம் செவெரின் என்பவர் மலையாளக் கரையிலிருந்து மரம் தருவித்து, இதே போல் கயிற்றால் தைத்த பாய்க்கப்பல் ஒன்றை ஓமான் நாட்டில் கட்டினார். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல், 1981 ஜூலையில் சீனாவின் காண்டன் துறைமுகத்தை அடைந்தது. 2025-ல் நமது கடற்படையே 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. தையல் போட்ட பலகை அலைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஒரு பலகை கெட்டுப் போனால் கயிற்றை அவிழ்த்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த அருமை சொல்லாமலே விளங்கும். ஆலப்புழைப் பக்கத்தில் தென்னை நாரை ராட்டில் இட்டுக் கயிறாகத் திரித்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. வள்ளத்தின் உறுதியில் அவர்கள் உள்ளங்கை ரேகையும் இருக்கிறது.

குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. ஊர் முழுவதும் தண்ணீர். தெருவுக்குப் பதில் வாய்க்கால். விளைந்த நெல்லை ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயல் வழியே கொச்சிக்குப் போவது இந்த வள்ளங்களின் வேலை. முப்பது டன் வரை சுமக்கக்கூடிய வள்ளங்கள் உண்டு. படகோட்டிகள் கழி ஊன்றித் தள்ளுவார்கள். காற்று வீசினால் பாய் விரிப்பார்கள். சமையலும் தூக்கமும் வள்ளத்திலேயே. பிறகு பாலங்கள் வந்தன, சாலைகள் வந்தன, லாரிகள் வந்தன. நாள்கணக்கில் நீந்திப் போன நெல் மணிக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. வள்ளங்கள் வேலையின்றிக் கரையில் ஒதுங்கின.

அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது 1990-களின் தொடக்கத்தில். நெல் மூட்டை இருந்த இடத்தில் மனிதர்களை உட்கார வைத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றியது. பழைய வள்ளத்தைக் கரையேற்றி, பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, உளுத்ததை நீக்கிப் புதுப் பலகை தைத்தார்கள். மேலே மூங்கிலை வளைத்துக் கூரை கட்டி, பாயால் மூடினார்கள். உள்ளே படுக்கையறை, குளியலறை, பின்பக்கம் சமையற்கட்டு. பிறகு இயந்திரமும் வந்தது. காயல் மீன் வறுவல் மணக்க மணக்க, தென்னந்தோப்புகளின் நடுவே மிதந்து செல்லும் 'படகு வீடு' உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? இங்கேதான் ஒரு சூட்சுமம். உங்கள் வீட்டுக் கொலுவில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சாய்த்தாலும் அது எழுந்து நிற்கும். காரணம், கனமெல்லாம் அதன் அடியில் இருக்கிறது. அதன் தலையில் ஒரு கல்லை வைத்துக் கட்டிவிட்டுச் சாய்த்துப் பாருங்கள், விழுந்தது விழுந்ததுதான். படகும் அப்படித்தான். நெல் மூட்டை வள்ளத்தின் அடித்தளத்தில் கிடந்தது. அதனால் வள்ளம் தண்ணீரில் அழுந்தி உட்கார்ந்து நிதானமாகச் சென்றது. மூட்டையை இறக்கிவிட்டால் படகு இலேசாகி மேலே மிதக்கும், ஆட்டம் அதிகமாகும். மேலும், மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். "அதோ கொக்கு!" என்று யாராவது கத்தினால் எழுந்து ஒரே பக்கமாக ஓடாது. மனிதர்கள் ஓடுவார்கள்!

ஆகையால் மாற்றம் செய்கிறவர் கெட்டிக்காரராக இருந்தால், தண்ணீர்த் தொட்டி முதலிய கனமான சாமான்களைத் தாழ வைப்பார். மேலே எழுப்புவதை மூங்கிலும் பாயுமாக இலேசாக வைப்பார். பழைய வள்ளம் அகலமானது, காயல் தண்ணீரும் அமைதியானது என்பதால் ஏற்பாடு பொருந்தியது. ஆனால், "மாடி கட்டினால் இன்னும் நாலு டிக்கெட் விற்கலாமே!" என்ற எண்ணம் புகுந்துவிட்டால், பொம்மையின் தலையில் கல்லைக் கட்டிய கதைதான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 மே 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் ஓர் இரண்டடுக்கு உல்லாசப் படகு கவிழ்ந்தது. விடுமுறை நாள், குடும்பம் குடும்பமாக ஏறியிருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அந்தப் படகு மீன்பிடிக்கும் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது என்றும், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியது என்றும் தெரியவந்தது. மீன் பிடிக்கும் படகு மீன் பிடிப்பதற்காகப் பிறந்தது. மாடி சுமக்க அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்பு, 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி, தேக்கடி ஏரியில் இன்னொரு மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள்.

பழைய படகுக்குப் புது வாழ்வு தருவது நல்ல காரியம். மரமும் மிஞ்சுகிறது, தைக்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் புது வேலை கொடுப்பதற்கு முன், அந்த வேலைக்கு அது தகுந்ததுதானா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும். இயந்திரம் பூட்டி உள்நாட்டு நீரில் ஓடும் படகுகளைப் பரிசோதித்துப் பதிவு செய்யவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது; கேட்கிறவர்களும் வேண்டும். நாம்தான் கேட்கவேண்டும்.

என்ன கேட்பது? இதோ, சகோதரிகளே! "இந்தப் படகுக்குப் பதிவு உண்டா? எத்தனை பேர் ஏறலாம்?" என்று முதலில் கேளுங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள். மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்துத்தான். மிதவைச் சட்டை வாங்கி, படகு கிளம்புவதற்கு முன்பே குழந்தைக்கு மாட்டிவிடுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று இருக்கைக்கடியில் போட்டு வைத்த சட்டை, அவசரத்துக்குக் கைக்கு வராது. குழந்தையின் உடம்புக்குப் பொருந்தும் அளவா என்று இழுத்துப் பாருங்கள். தாழ உட்காருங்கள். போட்டோ எடுக்க எல்லோரும் ஒரு பக்கமாகத் திரளாதீர்கள். மாடியில் கூட்டம் நெரிந்தால், இருட்டிக்கொண்டு வந்தால், "அடுத்த தடவை வருகிறோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். கொடுத்த பணம் போனால் போகட்டும்.

கோலப்பன் ஏரிதானே, சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம். நீந்தத் தெரியாத நாலு வயதுப் பிள்ளைக்கு ஏரியும் கடலும் ஒன்றே. கேட்டதற்கெல்லாம் சரியான பதில் கிடைத்துவிட்டதா? அப்படியானால் கவலையில்லாமல் ஏறுங்கள். மலைக்காற்று முகத்தில் வீசட்டும். குழந்தைகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கொக்கைப் பார்க்கட்டும்!