கடற்கரையிலிருந்து மாத்தளைக்கு

நிலாவெளியில் மூன்று நாள் தங்கிய எம் குடும்பம் வீடு திரும்பும் நாள். சிறுவர் ஈர உடையோடு அலையை விட்டு வர மறுத்தனர். எண்பது கடந்த என் அன்னையாரோ, வாழ்நாளில் முதன்முறை கண்ட கடலை ஒருகாலும் திரும்பிப் பாராது, முதல் ஆளாய் வண்டியேறி அமர்ந்தார். எனக்குச் சற்று மனத்தாங்கலே. அவர்பொருட்டன்றோ இப்பயணம்! நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக்கினர் தொல்லாசிரியர். அன்று இரங்கியவன் பண்டிதனாகிய யான் ஒருவனே.

கந்தளாய், ஹபரணை கடந்து தம்புள்ளையில் மாத்தளைச் சாலையை அடைந்தோம். உறங்குகிறார் என்று யான் எண்ணியிருந்த அன்னையார் கண்விழித்தார்.

"தம்பி, இதுதானே எங்கள் பாட்டி நடந்து வந்த பாதை?"

ஆம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர், காடுகளினூடே கால்நடையாக வந்து, தம்புள்ளை, நாலந்த வழியாகவே மாத்தளையை அடைந்தனர். தலைமன்னாருக்கு இருப்புப்பாதை வந்தது 1914 இலேதான். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். பாலைக்குப் பிரிவு உரித்தென முப்பதாண்டு மாணவர்க்குக் கற்பித்தேன்; அப்பாலை என் வீட்டுக்கு வரும் சாலையிலேயே கிடந்ததை எண்ணினேனல்லேன்.

பாட்டியார் அப்போது ஆறு வயதுச் சிறுமி. அவருடைய தமையன் இவ்வழியில் இறந்தானாம். எவ்விடமென்று யாருக்கும் தெரியாது. அன்னையார் நாலந்த கழியும்வரை சாளரத்தை விட்டு முகம் திருப்பவில்லை. மடியில் சிப்பிகளோடு சிறுவர் உறங்கிவிட்டனர். முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்தபோது இருட்டிவிட்டது. அன்னையார் ஒரு சிப்பியை மெல்ல எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.