மீன் கடைக்குப் பின்னால் ஒரு நதி

தில்லியில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வழி சொல்லிவிடுவார். வஞ்சிரம் அங்கே கிடைக்கும். வாழையிலை, முருங்கைக்காய், சேனைக்கிழங்கு எல்லாம் அங்கே கிடைக்கும். தகரக் கூரை போட்ட குறுகலான சந்துகள், எந்நேரமும் ஈரம் காயாத தரை. ஒரு கடையில் வங்காளத்து அம்மா ஹில்சாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த கடையில் மலையாளி ஒருவர் கரிமீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். வடகிழக்கு மாணவர்கள் மூங்கில் குருத்து கேட்பார்கள். தூதரகச் சமையல்காரர்கள் அவகாடோ, டோஃபு என்று நீளும் பட்டியலோடு வருவார்கள். பசித்தால் மலையாளிகள் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. மட்டை அரிசிச் சோறு, மீன் குழம்பு.

பை நிறைந்ததும் பெரும்பாலோர் மெட்ரோவில் ஏறிவிடுகிறார்கள். அங்கேதான் நஷ்டம். தில்லி போன்ற பெருநகரத்தை முழுசாக யாரும் வாழ்ந்து தீர்க்க முடியாது. குடியிருப்பவர் அதற்குள் ஒரு சிற்றூரைத் தமக்கென்று வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுத்துக்கொள்ள ஐ.என்.ஏ.வைப் போல வாகான இடம் குறைவு. மார்க்கெட்டை நடுவில் வைத்து எந்தப் பக்கம் அரை மணி நேரம் நடந்தாலும் சில நூற்றாண்டுகள் குறுக்கிடும்.

வடக்கே நடந்தால் முதலில் சஃப்தர்ஜங் விமான நிலையம். 1929-ல் தொடங்கியது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு வில்லிங்டன் விமானத்தளம் என்று பெயர். 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தி தன் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். இப்போது பயணிகள் விமானம் கிடையாது. ஆனால் 'தில்லியில் இன்று 44 டிகிரி' என்று செய்தியில் வாசிக்கிறார்களே, அந்த அளவு சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் எடுக்கப்படுவது. அதைத் தாண்டினால், 1754-ல் இறந்த அவத் நவாப் சஃப்தர்ஜங்கின் கல்லறை. முகலாயர் பாணியில் தோட்டத்தோடு எழுந்த கடைசிப் பெரிய கல்லறை இது. நிஜாமுதீனில் உள்ள அப்துர் ரஹீம் கான்-இ-கானானின் கல்லறையிலிருந்து கல் பெயர்த்து இதற்குப் பதித்தார்கள். பேரரசின் கஜானா காலியாகிவிட்டதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

கிழக்கே கோட்லா முபாரக்பூர். கடைவீதியும் ஒண்டுக்குடித்தன மாடிகளும் நெருக்கியடிக்கும் இந்தப் பழைய கிராமத்தின் நடுவில் எண்கோணக் கல்லறை ஒன்று இருக்கிறது. சையது வம்சத்துச் சுல்தான் முபாரக் ஷா அங்கே உறங்குகிறார். யமுனைக் கரையில் முபாரகாபாத் என்றொரு நகரத்தைக் கட்டத் தொடங்கி, 1434-ல் அந்த வேலையைப் பார்வையிடப் போன இடத்திலேயே கொலையுண்டவர். கிழக்குக் கித்வாய் நகரின் அரசு அடுக்குமாடிகளுக்கு நடுவே, லோடி சுல்தான்கள் மூவரிடம் பணியாற்றிய தர்யா கானின் கல்லறை மேடை வெயில் காய்கிறது.

மார்க்கெட்டைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் பெயர்களும் ஒரு சரித்திரப் பாடம். லட்சுமிபாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கித்வாய் நகர். சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்புகள் இவை. கோப்புகளோடு வாழ்க்கை நடத்திய தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். திருவையாற்றுத் தியாகராஜர் பெயரிலும் ஒரு நகர், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய ஒரு விளையாட்டரங்கம். 1923-ல் தொடங்கி இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக நடக்கும் அமைப்பின் ஏழு பள்ளிகளில் ஒன்று லட்சுமிபாய் நகரில் இருக்கிறது. பல குடியிருப்புகளை இடித்துக் கோபுரங்களாக்கும் வேலை இப்போது நடக்கிறது. 2018-ல் இதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் புறப்பட்டபோது மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது.

ஆனால் இந்தச் சிற்றூரின் மிகப் பழைய குடி ஒரு நீரோடை. தில்லி ஆற்றங்கரை நகரம் என்று பாடத்தில் படிக்கிறோம். இங்கே வசிப்பவருக்கோ ஆறு கண்ணில் படுவதே இல்லை. பாலத்தைக் கடக்கையில் மெட்ரோ ஜன்னல் வழியே ஒரு நிமிடம் தெரிவதோடு சரி. ஐ.என்.ஏ.யில் யமுனை நம் காலடியில் இருக்கிறது. மார்க்கெட்டுக்கு எதிரே உள்ள தில்லி ஹாட், குஷக் நாலா என்ற ஓடையை மூடி மீட்ட நிலத்தில் 1994-ல் உருவானது. கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா வடிவமைத்தார். கைவினைஞர்கள் பதினைந்து நாளுக்கொரு முறை மாறி மாறிக் கடை போடும் இடம். 2025 ஏப்ரல் 30 இரவு பிடித்த தீயில் பல கடைகள் எரிந்துபோயின.

குஷக் நாலா இங்கிருந்து கிழக்கே போய், தெற்கிலிருந்து வரும் ஓடைகளோடு சேர்ந்து பாராபுல்லா என்ற பெயரில் யமுனையில் கலக்கிறது. இந்த ஓடைகள் ஒரு காலத்தில் எப்படி இருந்தன என்று சொல்ல மூன்று கல் சாட்சிகள் உண்டு. கிர்க்கி கிராமத்தில் சத்புலா: முகமது பின் துக்ளக் காலத்தில் ஏழு மதகுகளோடு கட்டிய அணை. லோடித் தோட்டத்தில் அட்புலா: அக்பர் காலத்துப் பாலம். நிஜாமுதீன் பக்கம் பாராபுல்லா: ஜஹாங்கீர் காலத்தில் மிஹ்ர் பானு ஆகா கட்டிய, பன்னிரண்டு தூண்களும் பதினோரு வளைவுகளும் கொண்ட பாலம். ஏழு, எட்டு, பன்னிரண்டு என்று பாலத்துக்கு எண்ணிப் பேர் வைக்கும் அளவுக்கு அன்று தண்ணீர் ஓடியிருக்கிறது.

இன்று ஓடுவது சாக்கடை. அதன் மேலேயே தூண் நட்டு பாராபுல்லா மேம்பாலத்தை 2010-ல் திறந்தார்கள். 2018-ல் அது ஐ.என்.ஏ. வரை நீண்டது. சராய் காலே கானிலிருந்து காரில் வருபவர்கள் ஒரு நதியின் கிளை மேல் பயணம் செய்கிறோம் என்று அறியாமலே ஐ.என்.ஏ. சிக்னலுக்கு வந்து சேர்கிறார்கள். வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட சுமார் 22 கிலோமீட்டர், யமுனையின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நதியின் மாசில் பெரும்பங்கு சேர்வது அந்த நீட்சியில்தான். பாராபுல்லா அதில் கொட்டும் பெரிய வாய்க்கால்களில் ஒன்று.

இந்த ஓடைக்கு ஒரு தமிழ் அத்தியாயமும் உண்டு. ஜங்புராவில், பாராபுல்லா நாலாவின் கரையில், மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்தது. பிழைக்க வந்த தமிழர்கள் வீட்டு வேலை, கூலி வேலை செய்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய இடம். வெள்ள நீர் வடிய ஓடையைச் சீராக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. 370 வீடுகளில் 189-க்கு மட்டும் தலைநகரின் வடகோடியில், நரேலாவில் மாற்று வீடு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலாவிலிருந்து தெற்குத் தில்லி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க வந்துபோவதென்றால் நாளில் பாதி பஸ்ஸிலேயே கழியும்.

ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதை மூடிக் கட்டப்பட்டவை சந்தையும் சாலையும். அதில் கழிவைக் கொட்டியது ஊர் முழுவதும். கரையில் இருந்த ஏழைகளை மட்டும் அப்புறப்படுத்துவது நதியை மீட்பதாகாது. வந்து சேரும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலை அகலப்படுத்தினால் யமுனைக்குச் சாக்கடை இன்னும் வேகமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அடுத்த முறை ஐ.என்.ஏ.வுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள், நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் கோட்லா முபாரக்பூர், பிறகு சஃப்தர்ஜங், பிறகு லோடித் தோட்டத்து அட்புலா என்று நடந்துவிட்டு, மீனைக் கடைசியில் வாங்குங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். தங்கள் ஊரில் ஒரு ஆறு இருக்கிறது என்று தெரிந்த தலைமுறைதான் அதைத் திருப்பிக் கேட்கும்.