உஷார்! ஊற்றுக்குகைக்குள் ஸ்கூபாவா?

கையில் ஸ்கூபா கார்டு இருக்கிறது, ஃப்ளோரிடா பயணத்துக்கு டிக்கெட்டும் போட்டாச்சா? ஒரு நிமிஷம்!

வட ஃப்ளோரிடாவின் ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றுகளில் வருடம் முழுக்க 22 டிகிரி நன்னீர். அடிமணல்வரை பளிச்சென்று தெரியும். சுண்ணாம்புப் பாறையில் குகைவாய் கண்ணெதிரே திறந்திருக்கும். 'சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்' என்று கால் உந்தும். அங்கேதான் ஆபத்து! குகைவாயில் எமன் படம் போட்ட பலகை நிற்பது அழகுக்கு இல்லை. இப்படிப்பட்ட குகைகளில் 300 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், ஸ்கூபா பயிற்சியாளர்களும் அதில் உண்டு என்கிறது அது.

திறந்த கடலில் சிக்கல் என்றால் மேலே வர வழி உண்டு. குகையில் தலைக்கு மேல் பாறை. போன வழிதான் வரும் வழி. தரையில் மாவாய்ப் படிந்த வண்டலைத் துடுப்பு ஒருமுறை தட்டினால் போதும், பிரஷர் கேஜை மூக்கருகே பிடித்தாலும் முள் தெரியாது. டார்ச் அடித்தால் எதிரே பழுப்புச் சுவர்தான். நீங்கள் விடும் குமிழிகளே கூரை மண்ணை உதிர்க்கும். பதற்றத்தில் மூச்சு இரைக்கும். 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைவிட நாலு மடங்கு காற்றைத் தின்னும்.

குகை விபத்துகளை அலசி 1979-ல் கையேடு எழுதியவர் ஷெக் எக்ஸ்லி. வெளிவாசல்வரை அறுபடாத கயிறு இல்லாதது, திரும்பக் காற்று மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறிய ஆழம் என மூன்று காரணங்களை முன்வைத்தார். அத்தனை கைதேர்ந்த அவரே 1994-ல் மெக்சிகோவின் சகட்டோனில் ஆழச் சாதனை முயற்சியில் உயிரிழந்தார்.

எனவே கவனம்:

• குகைப் பயிற்சி பெறாமல் உள்ளே போகாதீர்கள். சாதாரண கார்டு இங்கே செல்லாது.

• பயிற்சி பெற்றவரும் திறந்த நீரிலிருந்தே கயிறு கட்ட வேண்டும். ஆளுக்கு மூன்று விளக்கு கட்டாயம்.

• காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு ஆபத்துக்கு. 210 பாரில் கிளம்பினால் முள் 140-ஐத் தொட்டதும் திரும்புங்கள்.

• குகைப் பயிற்சி இல்லாதவர்கள் விளக்கு கொண்டுபோகத் தடை என்றால் சண்டை போடாதீர்கள். வெளிச்சம் கையில் இருந்தால் ஆசை இருட்டுக்குள் இழுக்கும் என்பதால்தான் அந்தத் தடை.

குகை அனுபவம் வேண்டுமா? ஜின்னி ஊற்றின் முகப்புக் கூடத்தில் சாதாரண கார்டுக்காரர்களும் நீந்தலாம். அதன் கோடியில் இரும்புக் கம்பி வலை போட்டு வழியை அடைத்திருக்கிறார்கள். மற்ற ஊற்றுகள் பலவற்றில் கம்பி வலை இருக்காது, பலகைதான் இருக்கும். உடன் வந்தவர் 'ஒரே ஒரு போட்டோ' என்று கெஞ்சினாலும், பலகையைக் கண்ட இடத்திலேயே யூ-டர்ன் போடுங்கள்!