தேடினால் கிடைக்கணும்

சீர்காழிப் பக்கம் மூணு ஏக்கரில் சம்பா போடுகிறவன் நான். ஆறு வருசமா வயலில் விசம் தெளிக்கவில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவன், போன கார்த்திகையில் ஒரு நாள் பூச்சிமருந்துக் கடை வாசலில் போய் நின்றேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனாலும் சொல்லணும்.

நாலு நாளா மப்பும் மந்தாரமுமா இருந்தது. சீரகச் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு இறங்கிவிட்டது. பச்சையத்தைச் சுரண்டித் தின்றதில் வயல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. என்ன செய்யணும் என்று பயிற்சியில் கேட்டு நோட்டில் எழுதியிருந்தேன். அந்த நோட்டு எங்கே? பரணில் தேடினேன், டிரங்குப் பெட்டியில் தேடினேன், இல்லை. கொட்டகையில் மூணு டிரம் ஊறல் கிடந்தது. எது ஐந்திலைக் கரைசல், எது மீன் அமிலம், என்றைக்குப் போட்டது, ஒண்ணும் தெரியல. தெளிப்பானின் வாசரையும் காணோம். ரெண்டு நாள் இப்படியே போச்சு. மூணாம் நாள் வண்டியை எடுத்துவிட்டேன்.

கடை வாசலில் நிற்கும்போது வீட்டிலிருந்து போன். “என்னங்க, நோட்டு கிடைச்சிடுச்சு. மாட்டுத் தீவனக் கணக்கோட சேர்த்துக் கட்டி வச்சிருக்கீங்க.”

வெறுங்கையோடு திரும்பினேன். ரெண்டு பேரும் முள்கிளையைப் பயிர்மேல் இழுத்துச் சுருட்டிய இலைகளைப் பிரித்துவிட்டோம். புதுசா ஐந்திலைக் கரைசல் வாங்கிவந்து அடித்தோம். பயிர் மீண்டது. ஆனாலும் ஒரு மா நிலம் பாதிக்குப் பாதி பதராப் போச்சு. அந்த நஷ்டத்தைப் புழு பாதி செய்தது, என் ஒழுங்கீனம் பாதி செய்தது.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்கிறது. நாலாவது, வாசிக்கிறவர் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கொட்டகைக்கும் இது பொருந்தும்தானே?

தை பிறக்கும் முன், போகியன்று, குடும்பமாக உட்கார்ந்து அடுக்கினோம்.

புத்தகங்களை எழுதியவர் பெயர்ப்படி வைக்கவில்லை, வேலைப்படி வைத்தோம். மண், விதை, பூச்சி–நோய், கால்நடை என்று நாலு தட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அட்டை. பழைய இதழ்களை வருச வாரியாகக் கட்டி, நாற்பது பக்க நோட்டில் பொருள், மாதம், பக்க எண் எழுதினோம். கறையான் ஏறாமல் அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. இரவல் போகும் புத்தகத்துக்குத் தனி நோட்டு.

கொட்டகையில் ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் கட்டினோம். அதில் பெயர், போட்ட தேதி, 10 லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு என்ற மூணும் இருக்கும். பஞ்சகவ்யா என்றால் 300 மில்லி. அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி மாட்டும் இடத்தில் அதனதன் உருவத்தைக் கரியால் வரைந்தோம். திரும்பி வராத அரிவாளைச் சுவரே காட்டிக்கொடுக்கும். வாசர், நாசில் எல்லாம் கண்ணாடிப் பாட்டிலில். விதை மூட்டைக்கு வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு ஓலைத்துண்டு. வெளிச்சீட்டை எலி கடித்தாலும் ரகத்தின் பெயர் பிழைத்துக்கொள்ளும்.

மாசியில் நான் மயிலாடுதுறையில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வீடு திரும்பியதும் பையன் சொன்னான்: “அப்பா, காலையில கன்னுக்குட்டி கழிஞ்சுது. பச்சை அட்டைத் தட்டுல பார்த்து மருந்து கொடுத்துட்டேன்.” எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.

நீங்களும் நாற்று விடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் ஒருத்தரிடம் ஒரு பொருளைச் சொல்லி எடுத்து வரச் சொல்லுங்கள். “எங்கே இருக்கு?” என்று திரும்பக் கேட்டால், அடுக்கினது பத்தலைன்னு அர்த்தம்.