பிளஸ் டூ முடிச்சாச்சு! – 6: ஜமாபந்தியும் கவுன்சலிங்கும்

மே மாதத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? வாசலில் ஷாமியானா, உள்ளே நீள மேஜை, கிராமக் கணக்குகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து காத்திருக்கும் வி.ஏ.ஓ.க்கள். ஜமாபந்தி நடக்கிறது. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதால் அதை ஒட்டித்தான் கணக்குத் தணிக்கை. பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் இதே மே மாதம்தான். பிள்ளைக்கு வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் அவசரமாகத் தேவைப்படும் அதே வாரங்களில், கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஜமாபந்தி மேஜையில் இருப்பார்கள். யாருடைய சதியும் இல்லை. இரண்டு காலண்டர்கள் மோதிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று இதுவரை பேசிவிட்டோம். இந்த வாரம் காகித வேலை. பேச சுவாரசியமில்லாத விஷயம்தான். ஆனால் மார்க் இருந்தும் சீட்டைக் கோட்டை விடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கவுன்சலிங்குக்கான விண்ணப்பப் பதிவு மே 7-ல் தொடங்கியது. பிளஸ் டூ ரிசல்ட் மே 8-ல் வந்தது. பதிவு முடிந்தது ஜூன் 6. ரிசல்ட் வந்த பிறகு இனிப்பு வாங்கிக் கொடுத்து, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்து நிதானமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்த வீட்டுக்குக் கையில் மிச்சம் இருந்தது மூன்று வாரம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் மனு வி.ஏ.ஓ.விடம் போகும், அங்கிருந்து ஆர்.ஐ., பிறகு தாசில்தார் அலுவலகம். எந்தக் கட்டத்திலும் 'ரேஷன் கார்டு தெளிவாக இல்லை' என்று திரும்பி வரலாம். ஆகவே சான்றிதழ் வேலைக்கு உரிய மாதம் மே இல்லை, ஜனவரி. பொங்கல் முடிந்ததும் மனுவைப் போட்டுவிடுங்கள்.

எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. மாநில அரசின் சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போகிற ஜோசா கவுன்சலிங் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, அது அந்த வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பி.சி. கார்டை அங்கே காட்டிப் பயனில்லை. ஜனவரி விதிக்கு இந்த ஒன்று மட்டும் விலக்கு: ஏப்ரல் பிறந்ததுமே ஓடுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே அதில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதை மறைத்து மனுப் போடச் சொல்லும் புத்திசாலி மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு, கேட்காதீர்கள். இருப்பிடச் சான்றிதழ், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கவுன்சலிங்கில் தேவைப்படாது. ஓசூரில் வீடு, பெங்களூரில் பள்ளி என்று இருப்பவர்கள்தான் அதற்கு அலைய வேண்டும்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியல், மத்திய அரசு படிவங்களுக்குப் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முத்துலட்சுமி க', ஆதாரில் 'முத்துலட்சுமி கணேசன்', வங்கிக் கணக்கில் 'க.முத்துலக்ஷ்மி'. மூவரும் ஒரே பெண் என்பது நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை ஆதாரமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்பத் திருத்துங்கள். ஆதார் திருத்தத்துக்கும் நாளாகும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது ஒரு செல்போன் எண். ஜூன் முதல் வாரத்தில் ஏதாவதொரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கூட்டம் நெருக்கும். "நம்பர் சொல்லும்மா" என்பார் கடைக்காரர். அந்தப் பெண் அப்பாவின் எண்ணைச் சொல்வாள். அப்பா திருப்பூரில் வேலையில் இருப்பார், போனை எடுக்கமாட்டார், ஓ.டி.பி. வராது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "சரி, என் நம்பரையே போட்டுடறேன், மெயிலும் நானே கிரியேட் பண்ணிடறேன்" என்பார். உதவும் எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ரேங்க், ஒதுக்கீடு என்று வரும் எல்லாத் தகவலும் அவர் போனுக்குத்தான் போகும், அதே மாதிரி வேறு எத்தனையோ பிள்ளைகளின் தகவல்களோடு. ஜூலையில் அந்தப் பெண் கடை வாசலில் நின்று "அண்ணே, எனக்கு ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டிலேயே இருக்கும் ஒரு சிம், பிள்ளையே ஆரம்பித்த ஒரு மெயில், பாஸ்வேர்டு எழுதிவைத்த ஒரு நோட்டு. மூன்றும் கையில் இல்லாமல் பிரவுசிங் சென்டர் படி ஏறாதீர்கள். அந்த சிம்முக்கு ஆகஸ்ட் வரை ரீசார்ஜ் இருக்கட்டும்.

நோட்டு என்றேனே, அதன் பெரிய உபயோகம் சாய்ஸ் ஃபில்லிங்கில். கல்லூரிக்கு எண், படிப்புக்கு இரண்டெழுத்து. கோவை அரசு பொறியியல் கல்லூரி (ஜி.சி.டி.) 2005, பி.எஸ்.ஜி. டெக் 2006. கம்ப்யூட்டர் சயின்ஸ் சி.எஸ்.; அதையே சுயநிதிப் பிரிவில் நடத்தினால் சி.எம். ஒரே வளாகம், ஒரே படிப்பின் பெயர், ஆனால் கட்டணம் வேறு. திரையில் அவசரமாகத் தட்டும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படாது. பிறகு ஃபீஸ் ரசீது சொல்லித்தான் தெரியும். அதனால் லாங் சைஸ் நோட்டில் முதலிலேயே எழுதுங்கள்: கல்லூரி எண், படிப்பு எழுத்து, கட்டணம், வீட்டிலிருந்து பஸ்ஸா ஹாஸ்டலா, கூடவே போன வருடம் உங்கள் பிரிவில் கடைசியாக எந்த கட்-ஆஃபுக்குக் கிடைத்தது. வரிசை முக்கியம், ஏனென்றால் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள். கிடைக்காது என்று தோன்றுவதையும் பிடித்திருந்தால் மேலேயே வையுங்கள், நஷ்டமில்லை. பிடிக்காததை 'எதற்கும் இருக்கட்டும்' என்று நடுவில் செருகினால் அதுதான் வந்து நிற்கும். இதை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து எழுத வேண்டும். சண்டை வந்தால் அப்போதே வரட்டும், திரைக்கு முன்னால் வேண்டாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நாட்கள்தான். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கிறேன், இது வேண்டாம் மேலே உள்ளது மட்டும் போதும் என்று பல வழிகள் திரையில் வரும். எதையுமே அமுக்காமல் விட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் கல்யாணம், வெளியூர் என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கலை அறிவியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி தேதி. நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதினால் போதும். வேறு வித்தை இல்லை.

ஒரிஜினல்கள் பட்டன் ஃபைலில் இருக்கட்டும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பின்னாளில் முத்திரை குத்தவும் முடியாது, சரிபார்ப்பவர் சந்தேகமாகப் பார்ப்பார். டி.சி.யைக் கொடுப்பதற்கு முன் இருபுறமும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். சில கல்லூரிகள் மார்க் ஷீட்டையும் சேர்த்து 'நாங்கள் வைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லும். சரிபார்த்தவுடன் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. மரியாதையாக அதைச் சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால், எந்தெந்தச் சான்றிதழ் வாங்கப்பட்டது என்று கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

(அடுத்த வாரம்: கல்விக் கடனுக்கு வங்கி மேலாளர் முதலில் கேட்கும் கேள்வி)